கண் ஆப்பரேஷனும் வீட்டுப் பத்தியமும்

கண்புரைக்கு ஆப்பரேஷன் செய்து கொள்ளுவதென்பது இப்பொழுது நமது நாட்டில் வெகு சாதாரணமான காரியமாகிவிட்டது. ஊருக்கு ஊர் கண் முகாம்கள் நடக்கின்றன. காலையில் போனவர் அன்று மாலையோ, மறுநாளோ வீடு திரும்பி விடுகின்றார். ஆப்பரேஷன் வேலையும் பெரும்பாலும் கால்மணி, அரைமணி நேரத்திற்குள் முடிந்து விடுகின்றது. ஆனால் அந்தக் கால்மணி நேரத்திற்குப் பின்னால் ஒரு மாத காலம் இருக்கின்றதே, அதைப் பற்றித்தான் நமது ஜனங்கள் யோசிப்பதாகக் காணோம். கால்மணி நேர வேலை டாக்டருடையது. ஒரு மாத வேலை வீட்டாருடையது. டாக்டர் தமது வேலையைச் சரியாய்ச் செய்தாரா என்று தெருத் திண்ணையில் உட்கார்ந்து விசாரணை நடத்துகிறவர்கள், தங்கள் வேலையைத் தாங்கள் செய்தோமா என்று ஒரு தரமாவது தங்களைக் கேட்டுக் கொண்டதாக நமக்குத் தெரியவில்லை. ஆகவே அந்த ஒரு மாதத்தைப் பற்றியே இவ்வாரம் சில வார்த்தைகள் எழுதுகின்றோம்.

நாம் நேரில் கண்டது

சில காலத்திற்கு முன் நமது நண்பர் ஒருவர் வீட்டிற்குப் போயிருந்தோம். அவருடைய தாயாருக்கு வயது எழுபதிருக்கும். ஆப்பரேஷன் ஆகி எட்டாவது நாள். அம்மையார் ஜன்னல் அடைத்த ஓர் இருட்டறையில் சுவரைப் பார்த்து உட்கார வைக்கப்பட்டிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று வாசலிலேயே நிறுத்தி, ஆரத்தி சுற்றி, கற்பூரம் கொளுத்திப் புகை முகத்தில் படும்படி காட்டி, நெற்றியில் விபூதி பூசி, மீதியை வாயால் ஊதியும் விட்டார்களாம். கத்தரிக்காய் கூடாது, பூசணிக்காய் கூடாது, மீன் கூடாது, முட்டை கூடாது, தயிர் கூடாது என்று சொல்லி, எட்டு நாளாய் ரசத்தையும் சோற்றையுமே கொடுத்து, அந்த அம்மாளை நிற்கமுடியாத நிலைக்குக் கொண்டு வந்திருந்தார்கள். தாலியறுத்த பெண் யாரும் எதிரில் வரக்கூடாதென்று ஒரு உத்தரவும் போட்டிருந்தார்கள். இத்தனைக்கும் அந்த அம்மாளே கணவனை இழந்தவர்!

சரி, டாக்டர் கொடுத்த சொட்டு மருந்து எங்கே என்று கேட்டோம். அது பூஜை மாடத்தில், குங்குமச் சிமிழுக்கும் விபூதித் தட்டுக்கும் நடுவில் மூடி திறந்தபடி இருந்தது. யார் விடுகின்றீர்கள் என்று கேட்டதற்கு நண்பர், "அம்மாவே விட்டுக் கொள்ளுவார்கள்" என்றார். அம்மையாரோ, "எங்கே தம்பி விழுகிறது! பாதி கன்னத்தில்தான் ஓடுகிறது" என்றார். இரவில் கண்ணுக்கு மேல் வைத்து ஒட்டிக் கொள்ளக் கொடுத்த பிளாஸ்டிக் மூடி பேரக்குழந்தையின் விளையாட்டுச் சாமானாயிருந்தது. கண்ணைப் பார்த்தோம்; சிவந்திருந்தது. இரண்டு நாளாய் வலி என்றும், நேற்றிலிருந்து மங்கலாயிருக்கின்றது என்றும் சொன்னார். இதற்கு என்ன செய்தீர்கள் என்றால், திருஷ்டி பட்டிருக்குமென்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டோம் என்கின்றார்கள்.

அன்று மாலையே வண்டி வைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். கண்ணுக்குள் கிருமி போயிருந்தது. கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டு, பல நாள் வைத்திருந்து, கண்ணைக் காப்பாற்றினார்கள். ஆனால் கட்டவிழ்த்த முதல் நாளில் அந்த அம்மாள் பேரனுடைய முகத்தைப் பார்த்துச் சிரித்தாரே, அந்த அளவுப் பார்வை திரும்ப வரவேயில்லை. "எல்லாம் அவள் தலையெழுத்து" என்று வீட்டார் சொல்லிக் கொள்ளுகின்றார்கள். நாம் கேட்கின்றோம்: கை கழுவாதது யார் எழுதிய எழுத்து?

இரண்டு வகைப் பத்தியம்

இதிலிருந்து தெரிவதென்ன? நமது வீடுகளில் பத்தியத்திற்குக் குறைவில்லை. ஆனால் காரணமில்லாத பத்தியம் மாத்திரம் கண்டிப்பாய் நடக்கின்றது. காரணமுள்ள பத்தியம் காற்றில் பறக்கின்றது. கத்தரிக்காய் தின்றால் கண் ஏன் கெடும் என்று கேட்டால் "பெரியவர்கள் சொன்னார்கள்" என்பதைத் தவிர வேறு சமாதானமில்லை. கண்ணைக் கசக்கினால் ஏன் கெடும் என்று கேட்டால் அதற்குச் சமாதானம் உண்டு. ஆனால் கேட்பவரும் இல்லை, சொல்லுபவரும் இல்லை. நாம் சொல்லுவதெல்லாம், எந்தப் பத்தியமானாலும் "ஏன்?" என்று கேளுங்கள், காரணம் சொல்ல முடிந்ததை ஒரு நாளும் தவறாமல் செய்யுங்கள், சொல்ல முடியாததைக் குப்பையில் போடுங்கள் என்பதேயாகும்.

முதலில், ஆப்பரேஷன் என்றால் என்ன என்பதைத் தெரிந்து கொள்ள வேண்டும். கண்ணுக்குள் கண்ணாடி போல் தெளிவாயிருக்க வேண்டிய லென்ஸ், வயதினாலும், சர்க்கரை வியாதி முதலிய காரணங்களினாலும் வெளுத்து மங்கிப் போவதுதான் புரை. கண்ணின் ஓரத்தில் ஒரு சிறு வாசல் வைத்து, மங்கிய லென்ஸை எடுத்துவிட்டு, அது இருந்த பையிலேயே செயற்கை லென்ஸை வைக்கின்றார்கள். அந்த வாசலுக்கு இப்பொழுது பெரும்பாலும் தையல் கூடப் போடுவதில்லை. அது தானாகவே மூடிக் கொள்ளும்படி அமைக்கப்படுகின்றது. அதாவது, வீட்டிற்கு வருகின்ற கண் ஒரு புதுப் புண்ணோடு வருகின்றது. புண் வெளியில் தெரியாததினால் ஜனங்கள் அதைப் புண் என்றே நினைப்பதில்லை. மற்ற எல்லாப் பத்தியங்களுக்கும் காரணம் இந்த ஒரு சங்கதியில் அடங்கியிருக்கின்றது.

கண்ணைக் கசக்கக்கூடாது, ஏனெனில் கசக்கினால் அந்த வாசல் திறந்து கொள்ளும். தூக்கத்தில் கை தானாகப் போகுமாதலால் இரவில் மூடி வைத்துக் கொள்ள வேண்டும். ஆப்பரேஷனான பக்கம் சாய்ந்து படுக்கவும் கூடாது. டாக்டர் சொல்லும் நாள் வரையில் தலைக்கு ஊற்றிக் கொள்ளக் கூடாது. ஏனெனில் குழாய்த் தண்ணீரானாலும் கிணற்றுத் தண்ணீரானாலும் அதில் கிருமி உண்டு, சோப்பும் சீயக்காயும் கண்ணை உறுத்திக் கசக்கத் தூண்டும். கழுத்துக்குக் கீழே தாராளமாய்க் குளிக்கலாம். முகத்தை ஈரத் துணியால் கண் படாமல் துடைத்துக் கொள்ளலாம். கோவில் குளத்துத் தீர்த்தத்தைக் கண்ணில் ஒற்றிக் கொள்ளுவதும் தண்ணீர் படுவதேயாகும். தீர்த்தம் என்று பெயர் வைத்ததினால் கிருமி மரியாதை கொடுத்து விலகிப் போய்விடாது. தாய்ப்பால், தேன், வெங்காயச் சாறு, விளக்கெண்ணெய், பச்சிலைச் சாறு ஆகிய எதையும் அந்தக் கண்ணில் விடக்கூடாது என்பதற்கும் இதுவேதான் காரணம்.

கனமான குடத்தையோ, மூட்டையையோ தூக்கக் கூடாது. மூச்சைப் பிடித்து முக்கினால் கண்ணிலும் அழுத்தம் ஏறும். அதற்காகவே மலச்சிக்கல் வராமல் கீரையும் பழமும் சாப்பிட வேண்டும். இருமல் இருந்தால் டாக்டரிடம் சொல்லி மருந்து வாங்க வேண்டும். அடுப்புப் புகையும், தெருத் தூசியும் படாமலிருக்க வேண்டும். வெளியில் போகும்போது கறுப்புக் கண்ணாடி போட்டுக் கொண்டால் தூசிக்கும் வெயிலுக்கும் தடையாயிருக்கும். சிறு குழந்தையை உடனே தூக்கி மடியில் வைக்க வேண்டாம். குழந்தையின் விரலுக்குப் பாட்டியின் கண் எதுவென்று தெரியாது.

இனி ஆகாரத்தைப் பற்றி. மீன், முட்டை, கறி, தயிர், பூசணி, கத்தரி ஆகிய எதுவும் ஆப்பரேஷனான கண்ணைக் கெடுப்பதில்லை. வழக்கமாகச் சாப்பிட்டு உடம்புக்கு ஒத்துக் கொள்வதைச் சாப்பிட வேண்டியதுதான். புண் ஆறுவதற்கு உடம்பில் சத்து வேண்டாமா? கிழவியைப் பட்டினி போட்டுவிட்டுக் கண் ஆறவேண்டுமென்றால் எப்படி ஆறும்? சர்க்கரை வியாதிக்காரர்கள் மாத்திரம் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருக்க வேண்டும். அவர்களுக்குக் கிருமி பற்றும் பயம் அதிகம். அதைவிட்டு, பூசணிக்காயை விலக்கிவிட்டு, ஆரத்தி எடுத்த கையோடு லட்டு கொடுப்பவர்களும் இருக்கின்றார்கள். அதுபோலவே இருட்டறையும் வேண்டியதில்லை. பத்திரிகை படிப்பதாலும், டெலிவிஷன் பார்ப்பதாலும் கண் கெட்டுவிடாது. பார்க்கத்தானே கண்ணைச் சரி செய்தது!

சொட்டு மருந்து

எல்லாவற்றிலும் முக்கியமானது சொட்டு மருந்தேயாகும். ஒன்று கிருமியைக் கொல்லுவதற்கு. மற்றொன்று உள் வீக்கத்தை அடக்குவதற்கு. இதை விடுபவர் முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். நோயாளியைப் படுக்க வைத்தோ, அண்ணாந்து உட்கார வைத்தோ, கீழ் இமையை மெதுவாய் இழுத்து, அங்கே ஏற்படுகின்ற பள்ளத்தில் ஒரே ஒரு சொட்டு விட வேண்டும். குப்பியின் மூக்கு இமையிலோ, ரோமத்திலோ படக்கூடாது. பட்டால் அந்தக் குப்பியே அழுக்காகிவிடும். பிறகு ஒன்றிரண்டு நிமிஷம் கண்ணை மூடியிருக்கச் சொல்ல வேண்டும். இரண்டு மருந்து இருந்தால் நடுவில் ஐந்து நிமிஷமாவது விட வேண்டும். இல்லாவிட்டால் பின்னது முன்னதைக் கழுவிக் கொண்டு போய்விடும்.

வீக்கத்தை அடக்கும் மருந்து பெரும்பாலும் ஸ்டீராய்டு வகையைச் சேர்ந்தது. அதை டாக்டர் சொன்னபடி வாரத்திற்கு வாரம் குறைத்துக் கொண்டு வந்து நிறுத்த வேண்டும். கண் நன்றாய்த் தெரிகின்றதென்று பத்தாம் நாளே நிறுத்துவதும் தப்பு. நல்ல மருந்தாயிருக்கின்றதே என்று கடையில் மறுபடி மறுபடி வாங்கி மாதக்கணக்கில் விடுவதும் தப்பு. பின்னதினால் கண்ணின் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பே கெட்டுப் போகக் கூடும். ஒருவருக்குக் கொடுத்த மருந்தை இன்னொருவர் கண்ணில் விடுவது அதைவிட மோசம்.

வீட்டில் யாருடைய வேலை?

இந்தச் சொட்டு மருந்தை விடுவது யார் என்பதில்தான் நமது குடும்பங்களின் யோக்கியதை வெளியாகின்றது. அப்பாவுக்கு ஆப்பரேஷன் என்றால் மனைவி, மகள், மருமகள் ஆகிய மூவரும் முறை போட்டுக் கொண்டு விடுகின்றார்கள். அம்மாவுக்கு என்றால் அவளே விட்டுக் கொள்ள வேண்டியது. அப்பா ஒரு மாதம் சாய்வு நாற்காலியில் இருப்பார். அம்மா மூன்றாம் நாளே அடுப்பங்கரையில் புகையில் நிற்பாள். அநேக கிராமங்களில் வயதான பெண்களை ஆப்பரேஷனுக்கு அழைத்துக் கொண்டு போவதே இல்லை. "இனிமேல் அவள் பார்த்து என்ன ஆகவேண்டும்?" என்று சொல்லி, மூலையில் உட்கார வைத்து விடுகின்றார்கள். தட்டில் விழுந்த ஈயைக் கூடப் பார்க்க முடியாமல், ஒன்றுக்குப் போவதற்கும் ஒரு கையைப் பிடித்துக் கொண்டு போகவேண்டிய நிலையில் ஒருவரை வைத்துவிட்டு, தாயைத் தெய்வம் என்று பேசுவதில் என்ன அர்த்தமிருக்கின்றது என்று கேட்கின்றோம்.

பெற்ற தாய்க்கு நாலு வேளை ஒரு சொட்டு மருந்து விடுவதற்கு மகனுக்குக் கையில்லையா? அது பெண்கள் வேலை என்று எந்த வைத்திய சாஸ்திரத்தில் எழுதியிருக்கின்றது? மகனும் மருமகளும் பேரனும் வேளைக்கு ஒருவராக ஏற்றுக் கொண்டு, சுவரில் ஒரு காகிதத்தை ஒட்டி, விட்டவுடன் ஒரு கோடு போட்டு வந்தால் அதுவே போதும். அதற்குச் செலவு ஒரு காசும் இல்லை.

நன்றி யாருக்கு?

இது நிற்க, கண் நன்றாய்த் தெரிந்துவிட்டாலோ, உடனே மாரியம்மன் கோவிலுக்கு வெள்ளியில் கண்மலர் செய்து சாத்துகின்றார்கள். தெரியாவிட்டால் டாக்டரைத் திட்டுகின்றார்கள். லாபம் சாமிக்கு, நஷ்டம் டாக்டருக்கு! இந்தக் கண் யாரால் வந்தது என்று சற்று யோசித்துப் பார்க்க வேண்டாமா?

பழைய காலத்தில் ஊசியால் புரையைக் கண்ணுக்குள்ளேயே பின்பக்கமாய்த் தள்ளி விட்டார்கள். சுசுருதர் பெயரால் வழங்கும் நூலிலும் அம்முறை இருக்கின்றது. அதில் கொஞ்சம் வெளிச்சம் தெரியும். அநேகம் கண்கள் சீழ் பிடித்து அழிந்தும் போகும். 1747-ல் பிரான்சு தேசத்து டாவியேல் என்பவர் புரையை வெளியிலேயே எடுத்துவிடும் முறையைச் செய்து காட்டினார். எடுத்த பிறகு சோடாப்புட்டி மாதிரிக் கண்ணாடி போட்டுக் கொள்ள வேண்டியிருந்தது. 1949-ல் லண்டனில் ஹரால்டு ரிட்லி என்பவர் கண்ணுக்குள்ளேயே செயற்கை லென்ஸை வைத்தார். யுத்தத்தில் ஆகாய விமானம் உடைந்து அதன் பிளாஸ்டிக் துண்டுகள் விமானிகளின் கண்ணுக்குள் தங்கியிருந்தும் கண் அதை வெறுக்கவில்லையே, ஏன் என்று அவர் யோசித்ததின் பலன் அது. 1967-ல் அமெரிக்காவில் சார்லஸ் கெல்மன் என்பவர் ஒலி அதிர்வினால் புரையைப் பொடியாக்கிச் சிறு துவாரத்தின் வழியாகவே எடுக்கும் முறையைக் கொண்டு வந்தார். நமது மதுரையில் 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி, மூட்டு வாதத்தினால் விரல்கள் கோணிப்போன கையோடு, 11 படுக்கை கொண்ட அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் துவக்கினார். 1992 முதல் அதே மதுரையில் அந்த லென்ஸை ஏழைகளுக்கு எட்டும் விலையில் செய்யத் துவங்கினார்கள். இத்தனை பேருடைய அறிவும் உழைப்பும் சேர்ந்து வந்த கண் அது. அவர்களுக்கு வெள்ளிக் கண்மலர் வேண்டியதில்லை. அவர்கள் கொடுத்ததைக் கெடுக்காமல் வைத்துக் கொண்டாலே போதுமான நன்றியாகும்.

டாக்டரையும் கேளுங்கள்

இதனால் டாக்டரைப் புதுச் சாமியாக்க வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. சில இடங்களில் இங்கிலீஷில் அச்சடித்த காகிதத்தைக் கையில் கொடுத்து, "இதன்படி செய்" என்று அனுப்பி விடுகின்றார்கள். படிக்கத் தெரியாதவருக்கும், கண் தெரியாதவருக்கும் இங்கிலீஷ் காகிதம் கொடுப்பதற்கும் மந்திரம் ஓதுவதற்கும் வித்தியாசமென்ன? தமிழில், பெரிய எழுத்தில் கொடுக்கும்படி கேளுங்கள். எந்த மருந்து, எத்தனை வேளை, எத்தனை நாள், எப்பொழுது தலைக்குக் குளிப்பது, எப்பொழுது வேலைக்குப் போவது, புதுக் கண்ணாடிக்கு எப்பொழுது வருவது என்பதையெல்லாம் அங்கேயே கேட்டுத் தெரிந்து கொண்டு வாருங்கள். கேட்பது மரியாதைக் குறைவாகாது. பழைய கண்ணாடி இனி ஒத்துக் கொள்ளாது என்பதையும், கண் நிலைப்பட்டுப் புதுக் கண்ணாடி எழுதிக் கொடுக்க ஏறக்குறைய ஒரு மாதமாகும் என்பதையும் தெரிந்து கொண்டால் வீண் கவலையிருக்காது. நல்ல நாள் பார்த்து, அமாவாசை, அஷ்டமி, நவமி என்று சொல்லி டாக்டர் வரச் சொன்ன தேதியைத் தள்ளிப் போடாதீர்கள். கிருமிக்குப் பஞ்சாங்கம் தெரியாது.

கடைசியாக, ஒரு விஷயத்தை மாத்திரம் எல்லோரும் நெஞ்சில் எழுதிக் கொள்ள வேண்டும். ஆப்பரேஷனான கண்ணில் சிறிது உறுத்தலும் நீர் வடிதலும் சில நாள் இருப்பது சகஜம். ஆனால், வலி நாளுக்கு நாள் அதிகமானாலும், சிவப்பு ஏறினாலும், தெரிந்த பார்வை மங்கினாலும், சீழ் வந்தாலும், இமை வீங்கினாலும், கண்ணில் மின்னல் அடிப்பது போலிருந்தாலும், திடீரென்று கரும்புள்ளிகள் பறந்தாலும், ஒரு பக்கம் திரை விழுந்தது போலிருந்தாலும், அன்றைக்கே, இரவானாலும், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே மணிக் கணக்குத்தான் கண்ணைக் காப்பாற்றுகின்றது. உப்பு மிளகாய் சுற்றுகிற நேரம், கிருமிக்கு நாம் கொடுக்கின்ற அவகாசமாகும். பல மாதங்களோ, வருஷங்களோ கழித்துப் பார்வை மெதுவாய் மங்கினால், புரை மறுபடி வந்துவிட்டதென்று பயப்பட வேண்டாம். லென்ஸ் இருக்கும் பை மங்கியிருக்கலாம். அப்படியானால் லேசர் ஒளியினால் சில நிமிஷத்தில் சரி செய்து விடுகின்றார்கள். அதற்கும் திருஷ்டிக்கும் சம்பந்தமில்லை.

ஆதலால், தோழர்களே! உங்கள் வீட்டில் கண் ஆப்பரேஷன் ஆனவர்கள் இருந்தால், பூஜை மாடத்திலிருந்து அந்த மருந்துக் குப்பியை எடுத்து, மூடியைப் போட்டு, சுத்தமான இடத்தில் வையுங்கள். ஜன்னலைத் திறந்து விடுங்கள். வயிறாரச் சாப்பாடு போடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக் கொண்டு, வேளை தவறாமல் ஒரு சொட்டு விடுங்கள். அது ஒரு மாத வேலை. அதைச் செய்யத் தவறினால், ஒரு கிழவியின் மிச்சமுள்ள காலமெல்லாம் இருட்டு. அந்த இருட்டுக்கு விதியின் மேல் பழி போட்டுவிட்டுத் தப்பித்துக் கொள்ள நமக்கு யோக்கியதை கிடையாது.